சீ.பீ. தகடுள்ள காரைக் கொழும்பில் வாங்குவது: மாகாண எழுத்து எந்த அலுவலகத்தைச் சொல்கிறது?

கடலோரம் | செவ்வாய், இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். அப்பாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போவதற்காக ஒரு சிறிய கார் தேடிக்கொண்டிருக்கிறோம். தெஹிவளையில் ஒருவரிடம் 2015-இல் பதிவான ஆல்டோ ஒன்று இருக்கிறது. ஓட்டிப் பார்த்தோம். அப்பாவுக்கு ஏறி இறங்க வசதியாக இருக்கிறது, விலையும் எங்களுக்கு எட்டுகிறது.

குழப்பம் இலக்கத் தகட்டில்தான். சீ.ஏ. என்று தொடங்கும் மூன்று எழுத்துகள், பிறகு நான்கு இலக்கங்கள். இடப்பக்கம் அரச இலச்சினைக்குக் கீழே சிறிதாக சீ.பீ. என்று இருக்கிறது. நடுவில் நிற்கும் தரகர், "இது கண்டி அலுவலகம் கொடுத்த இலக்கம். மூலக் கோப்பு கண்டியில் இருக்கிறது. பெயர் மாற்ற அங்கேதான் போகவேண்டும்" என்று சொல்லி, அந்த வேலைக்குத் தனியாக 40,000 ரூபாய் கேட்கிறார். சென்னையில் இருக்கும் என் சித்தியின் மகளிடம் கேட்டேன். அவளும், "தகட்டைப் பார்த்தாலே எந்த அலுவலகம் என்று சொல்லிவிடலாமே, அக்கா" என்கிறாள்.

தரகர் சொல்வது சரியா? அந்த இரண்டு எழுத்துகள் உண்மையில் எதைக் குறிக்கின்றன? வாகன விடயத்தில் எனக்கு அனுபவம் கிடையாது, வீட்டில் கேட்பதற்கும் ஆள் இல்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து விளக்கமாகச் சொல்லுங்கள்.

மலைமகன் | செவ்வாய், இரவு 9.05

அக்கா, அந்த 40,000 ரூபாயைக் கொடுத்துவிடாதீர்கள். சீ.பீ. என்றால் மத்திய மாகாணம், அவ்வளவுதான். கண்டி, மாத்தளை, நுவரெலியா மூன்று மாவட்டங்களுக்கும் அதே எழுத்துதான். என் மாமாவின் லொறி ஹட்டனில் நிற்கிறது, அதற்கும் சீ.பீ. தான். கண்டி அலுவலகம் என்று அந்த எழுத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

மொத்தம் ஒன்பது மாகாணங்கள், ஒன்பது குறியீடுகள். மேல் மாகாணம் டபிள்யூ.பீ., தெற்கு எஸ்.பீ., வடக்கு என்.பீ., கிழக்கு ஈ.பீ., ஊவா யூ.பீ., வடமேல் என்.டபிள்யூ., வடமத்தி என்.சீ. சப்ரகமுவ மட்டும் எஸ்.ஜீ., ஏனென்றால் எஸ்.பீ.யைத் தெற்கு எடுத்துக்கொண்டுவிட்டது. மாவட்டத்துக்கு என்று குறியீடே கிடையாது. யாழ்ப்பாணத்து வாகனத்தையும் வவுனியா வாகனத்தையும் தகட்டைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

அடையாற்றுப் பறவை | செவ்வாய், இரவு 9.50

சென்னைத் தங்கை சொன்னதும் சரிதான், ஆனால் அது அந்த ஊருக்குச் சரி. நான் பதினாறு வருடம் அங்கே இருந்துவிட்டு வந்தவன். இந்தியாவில் வாகனப் பதிவைச் செய்வது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். ஒவ்வோர் அலுவலகத்துக்கும் ஓர் எண் உண்டு, அந்த எண் தகட்டிலேயே வந்துவிடும். டீ.என். 01 என்றால் அயனாவரம், 07 திருவான்மியூர், 09 கே.கே. நகர், 10 விருகம்பாக்கம். ஊர்ப்பக்கம் போனால் 43 நீலகிரி, 45 திருச்சி, 63 சிவகங்கை, 65 இராமநாதபுரம், 72 திருநெல்வேலி, 74 நாகர்கோவில். மதுரையில் தெற்குக்கு 58, வடக்குக்கு 59. அரசுப் பஸ் என்றால் எண்ணுக்குப் பிறகு என். என்ற எழுத்து வரும், அரசு அலுவலக வாகனம் என்றால் ஜீ. இந்த அமைப்பு 1989-இல் வந்தது.

நெடுஞ்சாலையில் பயணம் செய்யும்போது பிள்ளைகள் இதையே ஒரு விளையாட்டாக ஆடுவார்கள். முன்னால் போகும் வண்டியின் எண்ணைப் படித்து ஊர்ப் பெயரைச் சொல்லவேண்டும். எனக்கும் ஏறத்தாழ எல்லா எண்ணும் மனப்பாடமாகிவிட்டது.

ஆனால் அங்கேயும் ஒரு விடயத்தைக் கவனிக்கவேண்டும். அந்த எண் முதன்முதலில் பதிவு செய்த அலுவலகத்தைத்தான் சொல்கிறது. நாகர்கோவிலில் பதிவான காரைச் சென்னைக்காரர் வாங்கி, உரிமையைத் தன் பெயருக்கு மாற்றி, பத்து வருடம் சென்னையிலேயே ஓட்டினாலும் 74 என்பது 74-ஆகவே இருக்கும். வேறு மாநிலத்துக்கு எடுத்துப்போய் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் புதிய பதிவெண் வாங்கவேண்டும். அடிக்கடி மாநிலம் மாறும் அரசு ஊழியர் போன்றவர்களுக்காக 2021-இல் பாரத் வரிசை என்று மாநிலப் பெயரே இல்லாத ஒரு வரிசையைக் கொண்டுவந்தார்கள்.

இங்கே கொழும்புக்குத் திரும்பி வந்த புதிதில் நானும் அதே பழக்கத்தில் டபிள்யூ.பீ.யைக் கண்டால் 'கொழும்பு அலுவலகம்' என்று நினைத்துக்கொள்வேன். அது தவறு என்று தெரியும். ஏன் தவறு என்று சரியாகச் சொல்லத் தெரியாது. விபரம் தெரிந்தவர் யாராவது எழுதினால் நானும் கற்றுக்கொள்வேன்.

பழைய எழுதுவினைஞர் | புதன், காலை 6.15

ஒரு பிரதேச செயலகத்தில் வாகன வருமான அனுமதிப்பத்திரம் வழங்கும் கருமபீடத்தில் பல வருடம் இருந்தவன் நான். இப்போது ஓய்வில் இருக்கிறேன். இந்த இரண்டு எழுத்துகளைப் பற்றி என்னிடம் கேட்காத ஆள் இல்லை. அதனால் ஆறுதலாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். வாகனத்தின் பதிவு வேறு, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் வேறு. பதிவு மத்திய அரசின் வேலை. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தலைமை அலுவலகம் நாரஹேன்பிட்டியில், எல்விட்டிகல மாவத்தையில் இருக்கிறது. நாடு முழுவதற்கும் பதிவேடு ஒன்றே. வருமான அனுமதிப்பத்திரக் கட்டணமோ அரசியலமைப்பின் 1987-ஆம் ஆண்டு 13-ஆவது திருத்தத்தின்படி மாகாண சபைகளுக்குப் போன வருமானம். அதனால்தான் வருடா வருடம் காப்புறுதியையும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்கு வருகிறீர்கள். அங்கே நீங்கள் கட்டும் காசு மாகாணத்துக்குச் சேர்கிறது.

2000-ஆம் ஆண்டில் ஆங்கில எழுத்து வரிசை வந்தபோது, தகட்டின் ஓரத்தில் மாகாண எழுத்தையும் சேர்த்தார்கள். அது இலக்கத்தை வழங்கிய அலுவலகத்தின் பெயர் அல்ல. வாகனத்தின் பதிவு உரிமையாளர் எந்த மாகாணத்து விலாசத்தில் இருக்கிறார், ஆகவே வருடக் கட்டணம் எந்த மாகாணத்துக்குச் சேரவேண்டும் என்பதைத்தான் அது காட்டியது. என் காலத்தில் வேறு மாகாண வாகனத்துக்கு எங்கள் கருமபீடத்தில் பத்திரம் கொடுக்க முடியாது. எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மட்டக்களப்பிலிருந்து வந்து கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஈ.பீ. தகட்டோடு வந்து நின்று, "ஐயா, இதற்காக ஊருக்குப் போகவேண்டுமா?" என்று கேட்பார்கள். மனவருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் விதி அப்படி.

இதற்கு ஒரு சான்றும் சொல்கிறேன். மாகாண எழுத்து வாகன இலக்கத்தின் பகுதியே அல்ல. மூன்று எழுத்தும் நான்கு இலக்கமும் சேர்ந்ததுதான் இலக்கம். அது நாடு முழுவதற்கும் ஒரே வரிசையில் ஓடுகிறது. ஒரே சீ.ஏ. இலக்கம் டபிள்யூ.பீ.யில் ஒன்று, சீ.பீ.யில் இன்னொன்று என்று இருக்கவே முடியாது. தமிழ்நாட்டில் அலுவலகத்துக்கு அலுவலகம் தனித்தனி வரிசை ஓடுவதால் அலுவலக எண் இல்லாமல் இலக்கம் முழுமையாகாது. இங்கே எழுத்தை எடுத்துவிட்டாலும் வாகனம் எதுவென்பதில் சந்தேகம் வராது. உண்மையாகவே எடுத்தும்விட்டார்கள். 2023-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து புதிய தகடுகளில் மாகாண எழுத்து இல்லை.

அதற்கு முன்பு, வாகனம் ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்து ஆளுக்குக் கைமாறினால், இலக்கம் அப்படியே இருக்கும், மாகாண எழுத்து மட்டும் மாறும். பழைய தகடுகளைத் திருப்பிக் கொடுத்து, கட்டணம் கட்டி, புதிய தகடுகளைப் பெறவேண்டும். இரண்டு சின்ன எழுத்துகளுக்காக எவ்வளவு அலைச்சல் என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

ஆகவே பிள்ளை, தரகர் சொன்ன 'மூலக் கோப்பு கண்டியில்' என்பதை விட்டுவிடுங்கள். ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. தெஹிவளைக்காரர் அந்தக் காரை எந்த வருடம் வாங்கினாராம்? கேட்டீர்களா?

கடலோரம் | புதன், பிற்பகல் 1.20

மிக்க நன்றி, ஐயா. பாடசாலை இடைவேளையில் வாசித்தேன். இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அவர் 2019-இல் வாங்கினாராம். அன்றிலிருந்து தெஹிவளையில் தான்தான் ஓட்டுகிறேன் என்று சொன்னார். அது ஏன் முக்கியம்?

பழைய எழுதுவினைஞர் | புதன், பிற்பகல் 2.05

நான் பயந்தது அதற்குத்தான்.

2019-இல் மாகாண எழுத்து நடைமுறையில் இருந்தது. மேல் மாகாண விலாசத்தில் இருக்கும் ஒருவர், சீ.பீ. வாகனத்தை வாங்கி முறைப்படி தன் பெயருக்கு மாற்றியிருந்தால், தகட்டில் டபிள்யூ.பீ. வந்திருக்கவேண்டும். வரவில்லை. அப்படியானால் அவருக்கு மத்திய மாகாணத்தில் ஒரு விலாசம் இருந்திருக்கவேண்டும், அல்லது உரிமையை அவர் மாற்றவே இல்லை. பின்னதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று என் அனுபவம் சொல்கிறது. விற்பவரிடம் உரிமை மாற்றப் படிவத்தில் திகதி போடாமல் கையொப்பம் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டுவார்கள். பிறகு அதே படிவத்தோடு அடுத்தவருக்கு விற்பார்கள். திறந்த பத்திரம் என்று சொல்வார்களே, அதுதான்.

2023-க்குப் பிறகு மாறிய வாகனமாக இருந்தால் தகட்டை வைத்து இப்படிச் சொல்லியிருக்க முடியாது. 2019 என்று அவரே சொன்னதால்தான் சொல்கிறேன். தகடு எந்த அலுவலகத்தையும் காட்டவில்லை. ஆனால் பதிவேட்டில் இன்னும் யாருடைய பெயர் இருக்கக்கூடும் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

பதிவுச் சான்றிதழைக் கண்ணால் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம்.

பஞ்சிகாவத்தைக்காரன் | புதன், மாலை 6.30

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஒரு சிறு திருத்தம் மட்டும். முறையாகப் பெயர் மாற்றிய சிலரும் தகட்டை மாற்ற அலுப்புப்பட்டு, பழைய தகட்டோடு ஓடியிருக்கிறார்கள். ஆகவே தகட்டை மட்டும் வைத்து அவரைக் குற்றவாளி ஆக்கிவிடவேண்டாம். சான்றிதழைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நான் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவன். தகட்டைப் படிப்பது எனக்குத் தொழிலோடு வந்த பழக்கம். மாகாண எழுத்தை விட முதல் பெரிய எழுத்துத்தான் எங்களுக்கு அதிகம் பேசும். சீ. என்றால் கார், என். என்றால் பஸ், எல். என்றால் லொறி. லொறிக்குரிய எழுத்து ஒரு காரில் தொங்கினால் அந்த இடத்திலேயே விளங்கிவிடும். அடுத்த எழுத்துகள் வரிசையாக ஓடுவதால் வாகனம் எப்போது பதிவானது என்பதும் ஏறத்தாழத் தெரியும். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றதும் எழுத்து வரிசை ஏறக்குறைய உறங்கிவிட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கிய பிறகுதான் புதிய எழுத்துகள் தெருவில் ஓட ஆரம்பித்தன.

அப்பாவின் காலத்திலிருந்து கடைச் சுவரில் பழைய தகடுகள் சில தொங்குகின்றன. சிலோன் என்ற ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்த இரண்டு எழுத்துத் தகடு, ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்று. அதற்குப் பிறகு கறுப்பில் வெள்ளையாக எழுதிய 'ஸ்ரீ' தகடு. அதற்கும் பிறகு வெறும் எண்கள். 300 என்று தொடங்கினால் கார், 250 என்றால் வான். இவை எதிலும் ஊர் இல்லை, மாகாணம் இல்லை. 2000 வரைக்கும் தகட்டைப் பார்த்து யாழ்ப்பாணத்து வாகனமா காலி வாகனமா என்று சொல்ல வழியே இருக்கவில்லை.

அந்த 'ஸ்ரீ'யைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. 1956-க்குப் பிறகு சிங்கள எழுத்தில் 'ஸ்ரீ' கட்டாயமானது. 1957, 1958-இல் வடக்கிலும் கிழக்கிலும் அதை அழித்துத் தமிழ் 'ஸ்ரீ' எழுதினார்கள், சிறைக்கும் போனார்கள். மறுபுறம் கொழும்பிலும் தெற்கிலும் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். பிரதமருக்கும் தமிழரசுக் கட்சித் தலைவருக்கும் இடையில் 1957 ஜூலையில் கையெழுத்தான பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் 1958 ஏப்ரலில் கைவிடப்பட்டது. மே மாதம் கலவரம். அப்பா அந்தத் தகட்டைச் சுவரிலிருந்து கழற்ற என்னை விடவே இல்லை. "ஒரு எழுத்துக்கு எவ்வளவு பாரம் இருந்தது என்று உன் பிள்ளைகளும் பார்க்கட்டும்" என்பார். இன்றும் அது அங்கேயே இருக்கிறது.

வன்னிக்காற்று | புதன், இரவு 9.15

2023-இல் மாகாண எழுத்தை எடுத்தார்கள் என்று வாசித்ததும் எனக்குள் பழையது எல்லாம் கிளம்பிவிட்டது. எழுதிவிடுகிறேன்.

2008-இல் வவுனியாவில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். என்.பீ. தகடு. அந்த வருட முடிவில் கொழும்பில் வேலை கிடைத்து, வண்டியையும் எடுத்துக்கொண்டு வந்தேன். தினமும் வேலைக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடி. எனக்கு முன்னால் பத்து மோட்டார் சைக்கிள்கள் போகும், நிறுத்தமாட்டார்கள். என்னுடையதைத் தூரத்திலேயே கண்டு கையைக் காட்டுவார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, வேலைக் கடிதம், பை, இருக்கைக்குக் கீழே. முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே தகட்டைப் பார்த்துவிடுவார்கள். மூன்று மாதத்தில் வண்டியை ஊருக்கு அனுப்பிவிட்டுப் பஸ்ஸில் போகத் தொடங்கினேன்.

அலுவலகமா விலாசமா என்ற ஆராய்ச்சி நல்லது. எங்களுக்கு அந்த இரண்டு எழுத்தும் ஒன்றைத்தான் சொன்னது: இவன் எங்கிருந்து வருகிறான் என்று. அதை எடுத்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. இன்னும் முன்பே எடுத்திருக்கவேண்டும்.

மலைமகன் | புதன், இரவு 9.55

அண்ணா, நீங்கள் பட்டதை நான் படவில்லை. அதனால் உங்கள் சொல்லை மறுக்கமாட்டேன். ஆனால் என் பக்கத்தையும் சொல்கிறேன்.

கொழும்பு நெரிசலில், எங்கு பார்த்தாலும் டபிள்யூ.பீ. நிற்கும் இடத்தில், திடீரென்று ஒரு சீ.பீ. லொறி மரக்கறி மூட்டைகளோடு வந்து நின்றால் எனக்கு ஊர் வந்து நின்றது போல இருக்கும். சாரதியிடம் போய், "எந்தப் பக்கம் அண்ணா?" என்று கேட்டிருக்கிறேன். தலவாக்கலை என்பார், நானுஓயா என்பார். வெள்ளவத்தையில் இரவு யாழ்ப்பாண பஸ்களுக்குக் காத்திருக்கும் சனத்தைப் பாருங்கள். என்.பீ. என்ற எழுத்தைக் கண்டதும் பலருடைய முகம் மாறுவதைக் கண்டிருக்கிறேன். ஊரைவிட்டு வந்தவனுக்கு அதுவும் ஒரு துணை. இனி வரும் தகடுகளில் அது இருக்காது என்பது எனக்குக் கவலைதான்.

வன்னிக்காற்று | புதன், இரவு 10.10

தம்பி, அதுவும் உண்மைதான். நானும் இப்போது காலி வீதியில் என்.பீ. கண்டால் திரும்பிப் பார்க்கிறேன். ஆனால் ஊர்க்காரன் ஒருவன் என்னை அடையாளம் காண்பதும், துவக்கு வைத்திருப்பவன் என்னை அடையாளம் காண்பதும் ஒரே எழுத்தால் நடந்தது. உங்களுக்குக் கிடைத்த சந்தோசத்துக்காக எனக்கு நடந்ததைத் திரும்பவும் ஏற்க என்னால் முடியாது.

மலைமகன் | புதன், இரவு 10.20

ஏற்றுக்கொள்கிறேன், அண்ணா.

தேம்ஸ் கரை | வியாழன், அதிகாலை 3.40

இலண்டனிலிருந்து ஒரு செய்தி. இங்கே 2001 செப்டெம்பரிலிருந்து தகட்டின் முதல் எழுத்து பதிவான பிரதேசத்தைக் குறிக்கிறது. எல். என்றால் இலண்டன், எஸ். என்றால் ஸ்கொட்லாந்து, வை. என்றால் யோர்க்‌ஷயர். இரண்டாவது எழுத்து அந்தப் பிரதேசத்துக்குள் இருந்த உள்ளூர் அலுவலகத்தோடு இணைந்தது. அந்த உள்ளூர் அலுவலகங்களை 2013-இல் மூடிவிட்டார்கள். வேலை எல்லாம் வேல்ஸில் உள்ள சுவான்சி நகரத்துக்குப் போய்விட்டது. எழுத்துகள் மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. என் காரின் தகடு சொல்லும் அலுவலகம் இப்போது இல்லை.

அம்மாவின் வீடு கொட்டாஞ்சேனையில் இருப்பதால் இந்த இழையை ஆவலோடு வாசிக்கிறேன். கார் என்ன ஆயிற்று என்று கட்டாயம் எழுதுங்கள், கடலோரம்.

அடையாற்றுப் பறவை | வியாழன், காலை 7.30

எழுதுவினைஞர் ஐயாவுக்கு நன்றி. பதினாறு வருடம் படித்த எண்களையும் இங்குள்ள எழுத்துகளையும் ஒரே கண்ணால் பார்த்ததுதான் என் பிழை. அங்கே தகடு வாகனம் பிறந்த இடத்தை ஆயுள் முழுக்கச் சுமக்கிறது. இங்கே 2023 வரை தகடு உரிமையாளரின் பின்னாலேயே மாகாணம் மாகாணமாகப் போயிருக்கிறது. இரண்டும் இரண்டு வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

ஒரு சந்தேகம், ஐயா. யாழ்ப்பாணத்தில் இவ்வளவு டபிள்யூ.பீ. வாகனங்கள் ஓடுகின்றனவே, அவையெல்லாம் திறந்த பத்திரமா?

பழைய எழுதுவினைஞர் | வியாழன், காலை 8.50

இல்லை, இல்லை. அப்படிப் பொதுவாகச் சொல்லிவிடக்கூடாது. கொழும்பில் வீடும் வடக்கில் தொழிலும் உள்ளவர்கள் இருக்கிறார்கள். கொழும்பில் தலைமை அலுவலகம் உள்ள நிறுவனங்களின் வாகனங்கள் எங்கே ஓடினாலும் நிறுவனத்தின் விலாசத்தில்தான் பதிவாகும். 2023-க்குப் பிறகு கைமாறிய வாகனங்களும் இருக்கின்றன. வாடகை வாகனம், இரவல் வாகனம், மருமகன் கொடுத்த வாகனம் எல்லாம் உண்டு. எழுத்து ஒரு கேள்வியை எழுப்பும், அவ்வளவுதான். பதில் சான்றிதழில் இருக்கிறது.

குத்தகைக் கடன் உள்ள வாகனத்தில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். சான்றிதழில் பதிவு உரிமையாளர் ஒருவராகவும் அறுதி உரிமையாளர் கடன் கொடுத்த நிறுவனமாகவும் இருக்கும். கடன் முடிந்து அந்த நிறுவனம் விடுவிக்காமல் வாகனத்தை யாரும் விற்க முடியாது. தகட்டில் இது எதுவும் தெரியாது. திணைக்களத்தின் இணையத் தளத்தில் இலக்கத்தைக் கொடுத்தால் வாகனத்தின் அடிப்படை விபரங்களைப் பார்க்கலாம். சான்றிதழில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பஞ்சிகாவத்தைக்காரன் | வியாழன், காலை 9.30

அதோடு அடிச்சட்ட இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் வாகனத்திலேயே தேடிப் பார்த்துச் சான்றிதழோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். தகட்டை நான்கு ஆணியைக் கழற்றி மாற்றிவிடலாம். அடிச்சட்டத்தில் பொறித்ததை மாற்றினால் உலோகத்தில் தடம் தெரியும். சனிக்கிழமைக்கு முன்பு போவதாக இருந்தால் சொல்லுங்கள், தங்கச்சி, நானே வந்து பார்த்துத் தருகிறேன். காசு எதுவும் வேண்டாம்.

கடலோரம் | வெள்ளி, இரவு 7.45

எல்லோருக்கும் முதலில் நன்றி. நேற்று மாலை பஞ்சிகாவத்தை அண்ணா வந்து காரைப் பார்த்தார். அடிச்சட்ட இலக்கம், இயந்திர இலக்கம் இரண்டும் சான்றிதழோடு பொருந்துகின்றன. கார் நல்ல நிலையில் இருக்கிறது என்று சொன்னார்.

ஆனால் ஐயா சொன்னதுதான் நடந்திருக்கிறது. பதிவு உரிமையாளர் என்ற இடத்தில் தெஹிவளைக்காரரின் பெயர் இல்லை. கண்டிப் பக்கம் கட்டுகஸ்தோட்டை விலாசத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. நான் கேட்டதும் அவர் ஒளிக்கவில்லை. 2019-இல் அந்த அம்மாவிடம் கையொப்பம் வாங்கிய உரிமை மாற்றப் படிவத்தை எடுத்துக் காட்டினார். திகதி போடும் இடம் வெறுமையாக இருக்கிறது. "இப்படித்தான் எல்லோரும் செய்கிறார்கள், மகள். நீங்கள் திகதியைப் போட்டுக் கொடுத்தால் முடிந்தது" என்றார். கெட்ட மனிதராக எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடத்துக்கு மேல் தள்ளிப்போட்டிருக்கிறார். தரகர் கண்டி என்று சொல்லிக் காசு கேட்டது ஏன் என்றும் அப்போதுதான் விளங்கியது. படிவம் பழையதாகிவிட்டதால் அந்த அம்மாவைத் தேடிப் புதிதாகக் கையொப்பம் வாங்கவேண்டிய தேவை அவருக்கு இருந்திருக்கிறது. அதற்கு அலுவலகத்தின் பெயரைச் சொல்லிவிட்டார்.

தெஹிவளைக்காரரிடமே தொலைபேசி இலக்கம் வாங்கி அந்த அம்மாவோடு கதைத்தேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கார் இன்னும் தன் பெயரில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தக் கார் யாரையாவது மோதியிருந்தால் என் வீட்டுக்குத்தானே வந்திருப்பார்கள்?" என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

வந்தால் கையொப்பம் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். தெஹிவளைக்காரரும் கூட வருகிறார். காசை மூவரும் இருக்கும்போதுதான் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். தரகரை விட்டாயிற்று.

ஐயா, ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் கண்டிக்குப் போகிறேன். கையில் என்ன என்ன எடுத்துப் போகவேண்டும்?

பழைய எழுதுவினைஞர் | வெள்ளி, இரவு 8.20

நல்லது செய்தீர்கள், பிள்ளை.

உரிமை மாற்றத்துக்குரிய எம்.டீ.ஏ. 6 படிவம் புதிதாக ஒன்று எடுத்துப் போங்கள். பழைய படிவத்தை அந்த அம்மாவின் முன்னாலேயே கிழித்துவிடச் சொல்லுங்கள். விற்பவர் திணைக்களத்துக்கு அறிவிக்கும் எம்.டீ.ஏ. 8 படிவத்தையும் நிரப்பி, அவரைக் கையொப்பமிடச் செய்து, ஒரு பிரதியை அவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். ஆறு வருடம் அவர் கையில் எந்த ஆதாரமும் இருக்கவில்லை, இனி இருக்கட்டும். மூவருடைய தேசிய அடையாள அட்டைப் பிரதிகள், மூலப் பதிவுச் சான்றிதழ், நடப்பு வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி. படிவத்தில் கையொப்பம், பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா பாருங்கள். திகதியை அன்றைய திகதியாகவே போடுங்கள். 14 நாட்களுக்குள் நாரஹேன்பிட்டியில் கொடுத்துவிடுங்கள்.

அந்த அம்மாவுக்கு ஏதாவது தின்பண்டம் வாங்கிக்கொண்டு போங்கள். அவர் உங்களுக்குக் கதவு திறக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

கடலோரம் | வெள்ளி, இரவு 8.35

சரி, ஐயா. அம்மா இப்போதே பயத்தம் பணியாரம் செய்ய மாவு வறுக்கத் தொடங்கிவிட்டார்.